அம்மாவுக்கு வந்த “உங்கள் நம்பர் இன்று கட்டாகிவிடும்” போன்

நங்கநல்லூர்_மகன் | வெள்ளி, இரவு 9.50

நேற்று என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். பணம் எதுவும் போகவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் போயிருக்கும்.

அம்மாவுக்கு 67 வயது. நங்கநல்லூர் வீட்டில் பகலில் தனியாகத்தான் இருப்பார். எனக்குச் சிறுசேரியில் வேலை. காலை பதினொன்றரை மணிக்கு, குக்கரை இறக்கிவைக்கிற நேரத்தில் போன் வந்திருக்கிறது. முதலில் பதிவு செய்த பெண் குரல்: “உங்கள் மொபைல் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9ஐ அழுத்தவும்.” அம்மா அழுத்தினார். அடுத்து ஒரு ஆள் வந்தான். நல்ல தமிழ். “வணக்கம்மா, நான் உங்க சிம் கம்பெனி தலைமை அலுவலகத்துல இருந்து பேசுறேன்” என்று ஆரம்பித்து, அம்மாவின் முழுப் பெயர், அப்பா பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண்கள் எல்லாவற்றையும் அவனே சொல்லியிருக்கிறான். மும்பையில் அம்மா பெயரில் இன்னொரு சிம் வாங்கப்பட்டிருக்கிறதாம். அதிலிருந்து ஆபாச மெசேஜ் போயிருக்கிறதாம். போலீஸ் புகார் ஆகிவிட்டதாம். “உங்களப் பாத்தா தப்பு பண்றவங்க மாதிரி தெரியலம்மா, நான் உதவி பண்றேன்” என்றானாம். போனை வைக்கக் கூடாது, விசாரணை முடியும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு நிபந்தனை.

அம்மா நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாள் இப்போது என் கையில் இருக்கிறது. மேலே ஒரு பெயர், “சீனியர் ஆபீசர்”, ஏதோ ஒரு அடையாள எண், ஒரு புகார் எண். முதல் இரண்டு வரி அம்மாவின் வழக்கமான குண்டுக் கையெழுத்து. அப்புறம் போகப் போக எழுத்து கோணுகிறது. கடைசி வரியில் “எனி டெ” என்று நிற்கிறது. போன் திரையை அடுத்தவர் பார்க்கும்படி செய்கிற ஆப்பின் பெயரை எழுத ஆரம்பித்திருக்கிறார்.

அந்த நேரத்தில் இஸ்திரிக்காரர் பெல் அடித்திருக்கிறார். வியாழன் அவர் துணி எடுக்க வரும் நாள். அம்மா “ஒரு நிமிஷம்” என்றதும் அந்த ஆள் “போன வெச்சுட்டுப் போகக் கூடாது!” என்று கத்தினான். அது வாசல்வரை கேட்டிருக்கிறது. “யாருக்கா அவன், இந்தக் கத்து கத்துறான்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி அவரே வைத்துவிட்டார். திரும்பத் திரும்ப வந்த ஏழு அழைப்பையும் எடுக்காமல், நான் பேசும்வரை அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

இரவு அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன். “ஏம்மா, அவ்ளோ நேரம் ஏன் வைக்கல?” அதற்கு அம்மா சொன்ன பதில்: “பேசிட்டிருக்கவங்ககிட்ட எப்படிடா பட்டுன்னு வைக்கிறது? அவன் அம்மான்னு கூப்பிட்டுல்ல பேசினான்.”

இரண்டு விஷயம் வேண்டும். இந்த அழைப்பு பொய் என்று அம்மா கண்டுபிடிக்க என்ன அடையாளம் சொல்லிக்கொடுப்பது? அவரைப் போனை வைக்க வைப்பது எப்படி?


பல்லாவரம்_ரீசார்ஜ்கடை | வெள்ளி, இரவு 10.15

அந்த இஸ்திரி அண்ணனுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

நான் 14 வருடமாகச் சிம் விற்கிறேன். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். சிம் கம்பெனி உங்கள் நம்பரைக் கட் பண்ணுவதற்கு உங்களைக் கூப்பிட்டு அனுமதி கேட்பதில்லை. ரீசார்ஜ் முடிந்தால் மெசேஜ் வரும், முதலில் போகிற கால் நிற்கும், அப்புறம் வருகிற காலும் நிற்கும். ஆவணத்தில் உண்மையாகவே சிக்கல் இருந்தால் கடைக்கோ ஷோரூமுக்கோ ஆதாரோடு நேரில் வரச் சொல்வார்கள். போனிலேயே ஆப் போடு, பத்து ரூபாய் ரீசார்ஜ் பண்ணு, ஓடிபி சொல்லு என்று எந்தக் கம்பெனியும் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, முடிப்பதில்லை.

டிராய் பெயரையும் சொல்வார்கள். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அது தனியாள் நம்பர் எதையும் துண்டிப்பதில்லை. வாடிக்கையாளரைக் கூப்பிடுவதும் இல்லை. இதை அவர்களே பலமுறை அறிவித்துவிட்டார்கள்.

மெசேஜ் வந்தால் யார் அனுப்பியது என்று பாருங்கள். கம்பெனி மெசேஜ் எழுத்துகளால் ஆன பெயரில் வரும். 2025இலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்தும் வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. “உங்கள் சிம் கேஒய்சி காலாவதி, இந்த எண்ணை உடனே அழைக்கவும்” என்று சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் அதைத் திறந்து பார்க்கவே வேண்டாம். வாட்ஸப்பில் லோகோ, முத்திரை, கையெழுத்தோடு வருகிற கடிதமும் அப்படித்தான். பிஎஸ்என்எல் பெயரில் அந்த மாதிரிக் கடிதம் சுற்றியபோது அது போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவே மறுப்பு வெளியிட்டது. என் கடைக்கு அதை அச்செடுத்துக் கொண்டுவந்து, “தம்பி, இதுக்கு என்ன பண்ணணும்?” என்று கேட்ட பெரியவர்கள் உண்டு.


சூளைமேடு_குமரன் | வெள்ளி, இரவு 10.31

9 அழுத்தினாலே பேங்க் அக்கவுன்ட் காலியாகிவிடும் என்று வாட்ஸப்பில் வந்ததே! அம்மா அழுத்திவிட்டார் என்கிறீர்கள். முதலில் பேங்கில் போய்ப் பாருங்கள் சார்.


பல்லாவரம்_ரீசார்ஜ்கடை | வெள்ளி, இரவு 10.38

குமரன் தம்பி, அது சரியில்லை. 9 அழுத்தினால் அந்தப் பக்கம் ஒரு ஆள் லைனில் வருவான், அவ்வளவுதான். அழுத்துகிறவர் பயந்தவர் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பணம் போவதற்கு அதற்குப் பிறகு நம் கையால் இன்னொரு காரியம் நடக்க வேண்டும்: ஓடிபி சொல்வது, ஆப் போடுவது, யூபிஐ பின் அடிப்பது, வருகிற எஸ்எம்எஸ்ஸுக்கு 1 என்று பதில் அனுப்புவது இப்படி ஏதாவது. இதைத் தெளிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “9 அழுத்திட்டேன், எல்லாம் போச்சு” என்று நினைக்கிறவர் அந்தப் பயத்திலேயே அவன் சொல்வதையெல்லாம் செய்துவிடுவார். எந்த இடத்திலும் பாதியில் நிறுத்தலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.


அம்பத்தூர்_ஹெட்செட் | வெள்ளி, இரவு 11.20

ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் ஆறு வருடம் இருந்தேன். பெயர் வேண்டாம். உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் திரையில் உங்கள் பெயர், பிளான், கடைசி ரீசார்ஜ், பழைய புகார்கள் தெரியும். உங்கள் பெயரில் எந்த ஊரில் என்ன வழக்கு இருக்கிறது என்பது தெரியாது. தெரிவதற்கு வழியே இல்லை. “லைன்லயே இருங்க, போலீஸுக்குக் கனெக்ட் பண்றேன்” என்று சொல்கிறார்களே, அப்படிப் போலீஸுக்கு மாற்றுகிற வசதி எங்கள் மேசையில் கிடையாது. அதைச் சொன்ன நொடியே அவன் திருடன் என்று முடிவு செய்துவிடலாம். அதற்கப்புறம் வீடியோ காலில் காக்கிச் சட்டை வரும், பின்னால் கொடி, மேசையில் பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும். இப்படி வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாகச் சொல்கிற டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் இதைச் சொன்னார். இந்த நாடகத்துக்கெல்லாம் வாசல், உங்கள் அம்மாவுக்கு வந்த மாதிரி ஒரு “நம்பர் கட்டாகும்” போன்தான்.

ஆதார் எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று பலர் மிரண்டுபோகிறார்கள். நாமே எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருக்கிறோம் என்று யோசியுங்கள். லாட்ஜ், வாடகை வீடு, பழைய சிம், ஜெராக்ஸ் கடையில் விட்டு வந்த தாள். உங்கள் விவரம் தெரிந்திருப்பது அவன் கம்பெனி ஆள் என்பதற்குச் சாட்சி ஆகாது. அம்மாவுக்கு இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் வேலையில் வாடிக்கையாளர் “அப்புறம் பேசுறேன்” என்றால் விட்டுவிட வேண்டும். மேலே பேசினால் எங்களுக்குத்தான் மெமோ. போனை வைக்காதே என்று அதட்டுகிற கஸ்டமர் கேரை நான் பார்த்ததே இல்லை.

சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு நீங்களே 198ஐக் கூப்பிடுங்கள். எந்தக் கம்பெனி சிம்மாக இருந்தாலும் புகாருக்கு அந்த எண்தான். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். அதிலும் திருடர்களே தங்கள் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.


பெயர்_வேண்டாம் | சனி, அதிகாலை 1.05

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எனக்கு வயது 41. பள்ளியில் கணக்கு டீச்சர், பெரம்பூர் பக்கம். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை போன் வந்தது. மிரட்டல் எதுவும் இல்லை. “மேடம், உங்க ஏரியாவுல 5ஜி சிக்னல் வீக்கா இருக்குன்னு புகார் இருக்கு. சிம்மை இ-சிம்மா மாத்திட்டா சரியாகிடும், இலவசம்தான்” என்றாள் ஒரு பெண். இ-சிம் என்றால் தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகிற சிம். என் வீட்டில் சிக்னல் உண்மையிலேயே மோசம். சமையலறை ஜன்னலோரம் நின்றுதான் பேசுவேன். அதனால் சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது. ஒரு எஸ்எம்எஸ் வரும், அதற்கு 1 என்று பதில் அனுப்புங்கள் என்றாள். கம்பெனி பெயரிலேயே எஸ்எம்எஸ் வந்தது. அனுப்பினேன். அந்த மெசேஜ் உண்மையிலேயே கம்பெனியிலிருந்துதான் வந்திருக்கிறது. என் பெயரில் இ-சிம் கேட்டது அவர்கள். அதற்குச் சம்மதம் சொன்னது நான்.

கொஞ்ச நேரத்தில் என் போனில் சிக்னல் கட்டம் காலியானது. எமர்ஜென்சி கால் மட்டும் என்று வந்தது. “மாற்றம் நடக்குது, 24 மணி நேரம் ஆகும், போனை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டே இருக்காதீங்க” என்று முன்பே சொல்லியிருந்தாள். அதனால் பேசாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விடைத்தாள் திருத்தினேன். திங்கள் காலை ஏடிஎம்மில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஞாயிறு இரவு மூன்று தவணையாக 62,000 ரூபாய் போயிருந்தது. மகளின் டியூஷனுக்கும் பல் சிகிச்சைக்கும் சேர்த்து வைத்தது.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. இரண்டு நாள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கணக்கு டீச்சர், ஊருக்கே பாடம் சொல்கிறவள், எப்படிச் சொல்வது? புதன்கிழமைதான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்தேன். அதற்குள் பணம் நான்கு கணக்கு தாண்டிவிட்டது.


தியாகராயநகர்_தேவி | சனி, காலை 7.10

படித்தவர்களே 1 அனுப்பச் சொன்னதும் அனுப்பினால், படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?


ஓய்வுபெற்ற_கேஷியர் | சனி, காலை 7.40

தேவி அம்மா, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 33 வருடம் இருந்தவன். கவுன்டரில் இப்படி வந்து நின்றவர்களில் டாக்டர் உண்டு, ஆடிட்டர் உண்டு, எங்கள் வங்கியிலேயே ஓய்வுபெற்றவரும் உண்டு. “யோசித்திருக்க வேண்டாமா” என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அந்த டீச்சர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில்தான் பணம் கைநழுவியது.

டீச்சர் அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. 1930 என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் எடுக்க முடியாமல் பிடித்து நிறுத்துவார்கள். வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் அங்கே தகவல் போகும். அவன் ஓடுகிற வேகத்துக்கு நாமும் ஓடியாக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது அடுத்த நாள் கிடைக்காது. போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியது: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண். யூபிஐ என்றால் அது 12 இலக்கம். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அதே விவரத்தைப் பதியலாம்.

கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. ஓடிபி, பின் போன்றவற்றை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டார் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவருடையது; தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. இந்த இரண்டாவது பகுதி பலருக்குத் தெரியாது. நாமே சொல்லிவிட்டோமே என்று கூனிக்குறுகி வீட்டில் உட்கார்ந்தால், மிச்சம் இருப்பதும் நம் கணக்கிலேயே போகும். புகார் எண்ணை எழுதி வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். இதை அந்தக் கவுன்டருக்கு உள்ளே இருந்தவனாகவே சொல்கிறேன்.


தியாகராயநகர்_தேவி | சனி, காலை 8.02

டீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருக்கக் கூடாது. என் தங்கைக்கு நடந்திருந்தால் அவளிடமும் முதலில் இதையேதான் கேட்டிருப்பேன். இனிமேல் கேட்க மாட்டேன்.


பல்லாவரம்_ரீசார்ஜ்கடை | சனி, காலை 9.25

டீச்சர் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரு நம்பருக்குப் புது சிம் மாறினால் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. சனி மாலை சிம் மாறியிருக்கிறது, ஞாயிறு இரவுதான் பணம் போயிருக்கிறது. திருடன் வங்கி ஓடிபி வருவதற்காகக் காத்திருந்தான். “24 மணி நேரம் ஆகும், பேசாமல் இருங்கள்” என்று அவள் சொன்னது இதற்குத்தான். நம்மைக் காப்பாற்றத் தந்த அவகாசத்தில் நம்மையே தூங்க வைத்துவிட்டார்கள்.

எனவே வீட்டில் மற்றவர்களுக்கு டவர் இருந்து உங்கள் போனில் மட்டும் சிக்னல் அடியோடு போனால், அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்காதீர்கள். வீட்டிலுள்ள இன்னொரு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, “என் நம்பரில் சிம் மாற்றம் ஏதும் நடந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். இதே வார்த்தையில் கேளுங்கள். டவர் பிரச்சினை என்று நீங்களே சொன்னால் அவர்களும் டவர் புகார் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய சிம் அட்டையின் பின்னால் இருக்கிற நீளமான எண்ணைக் கேட்டாலும் சொல்லக் கூடாது. 1900க்கு மெசேஜ் அனுப்பி அதில் வருகிற குறியீட்டைக் கேட்டாலும் சொல்லக் கூடாது. அது நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவதற்கான குறியீடு.


மேடவாக்கம்_ரவி | சனி, காலை 10.50

எனக்கு இந்த மாதிரி போன் வந்தால் அரை மணி நேரம் பேசி இழுத்தடிப்பேன். அந்த நேரத்தில் அவன் வேறு ஒருவரை ஏமாற்ற முடியாது அல்லவா? எல்லோரும் இப்படிச் செய்தால் என்ன?


அம்பத்தூர்_ஹெட்செட் | சனி, காலை 11.15

ரவி அண்ணா, உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் வேண்டாம். அவர்கள் பேசிப் பேசியே சம்பாதிக்கிறவர்கள். பேச்சில் நாம் அவர்களை வெல்ல முடியாது. பேசுகிற நேரத்தில் நம் வாயிலிருந்து ஊர், வங்கி, வீட்டில் யார் யார் என்று ஏதாவது விழும். இந்த நம்பரை எடுத்துப் பேசுகிற ஆள் இருக்கிறார் என்று பட்டியலில் ஏறும். நீங்கள் தைரியமாகப் பேசுவதைப் பார்க்கிற உங்கள் அப்பாவோ அத்தையோ, பேசிப் பார்க்கலாம் என்று நினைத்துவிடுவார்கள். வைத்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். இப்போது சஞ்சார் சாத்தி ஆப்பாகவும் இருக்கிறது. அந்த இணைப்பைத் துண்டிப்பதற்கு உங்கள் புகார் உதவும்.

சக்ஷு என்பது பணம் போகாத முயற்சிகளுக்கு. பணம் போயிருந்தால் நேராக 1930. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சக்ஷுவில் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.


போரூர்_வாசு | சனி, மதியம் 12.30

“நல்ல தமிழ்” என்று முதல் பதிவில் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம்.

முன்பெல்லாம் இந்த போன் இந்தியில் வரும், இல்லையென்றால் உடைந்த ஆங்கிலத்தில் வரும். நம் ஊர் ஆட்கள் பலர் பாஷை புரியாததாலேயே தப்பித்தார்கள். இப்போது அப்படி இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று நம் ஊர் இளைஞர்களையே கூட்டிப்போய், மியான்மர் எல்லையில் மியாவாடியில் அடைத்து, அடித்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கம்போடியா, லாவோஸிலும் இப்படிக் கட்டடங்கள் இருக்கின்றன. இதைப் படித்ததிலிருந்து அந்தக் குரல்களைக் கேட்கும்போது எனக்குக் கோபத்தோடு வேறு ஏதோ ஒன்றும் வருகிறது. யார் வீட்டுப் பிள்ளையோ, யார் முதுகுக்குப் பின்னால் நிற்கிறானோ. அதற்காக ஒரு நொடிகூட அதிகம் பேச வேண்டாம். நம் பாஷை பேசுகிறான், நம்மாள் என்று அம்மாக்கள் நெகிழ்ந்துவிடுகிறார்கள். அதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பேசிவிட்டு இந்திய நம்பர் போலக் காட்டுகிற அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அமைப்பைக் கொண்டுவந்தது. ஓரளவு குறைந்தது. இப்போது உள்ளூரிலேயே வாடகைக்கு எடுத்த சிம்கள் வழியாக வருகிறது. அதனால் நம்பர் 91இல் தொடங்குகிறது என்பதை வைத்து நம்பாதீர்கள்.


கொளத்தூர்_மீனா | சனி, மாலை 4.10

என் அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்தான். இன்டர்நெட் கிடையாது, ஆப் கிடையாது. அவருக்கு ஆபத்து இல்லைதானே? போன வாரம் அவரிடம் “லைன் சரியில்லை, ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க” என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். அடித்தாரா இல்லையா என்று அவருக்கே ஞாபகம் இல்லை.


பல்லாவரம்_ரீசார்ஜ்கடை | சனி, மாலை 4.45

மேடம், பட்டன் போனிலும் ஆபத்து உண்டு. அந்த ஆள் அடிக்கச் சொன்னது கால் ஃபார்வர்டிங் குறியீடாக இருக்கலாம். ஸ்டார் 401 அல்லது ஸ்டார் 21 என்று தொடங்கி, பின்னால் திருடனின் நம்பர் வரும். அடித்துவிட்டால் அப்பாவுக்கு வருகிற கால் எல்லாம் அவனுக்குப் போகும். ஓடிபியைக் குரலில் சொல்கிற கால் உட்பட. இந்த மோசடி பெருகியதால் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அடித்து ஃபார்வர்ட் செய்கிற வசதியை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. இருந்தாலும் சரிபார்த்துவிடுங்கள். அப்பா போனில் *#21# அடித்தால் ஃபார்வர்ட் ஏதாவது இருக்கிறதா என்று காட்டும். ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் நீங்கும். எதுவும் சரியாகக் காட்டவில்லை என்றால் 198இல் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது அப்பாவைக் கூட்டிக்கொண்டு எந்த ரீசார்ஜ் கடைக்காவது போங்கள். ஐந்து நிமிட வேலை, இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டோம்.


கொளத்தூர்_மீனா | சனி, மாலை 6.20

பார்த்தேன் அண்ணா. எதுவும் ஃபார்வர்ட் இல்லை. இருந்தாலும் 002 அடித்துவிட்டேன். மிகவும் நன்றி.


நங்கநல்லூர்_மகன் | ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இங்கே எழுதியதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீச்சர் எழுதியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட பேச முடியுமாடா?” என்று கேட்டார்.

சஞ்சார் சாத்தியில் அம்மாவின் நம்பரைப் போட்டு, அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். ஒருவர் பெயரில் ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அம்மா பெயரில் மூன்று காட்டியது. ஒன்று அவருடையது. இன்னொன்று மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தது. மூன்றாவது யாருடையது என்று தெரியவில்லை. ‘இது என் எண் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுத்துவிட்டேன். அவன் சொன்ன மும்பைக் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் ஒருமுறை இதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, அம்மாவை எப்படிப் போனை வைக்க வைப்பது என்பது. அதற்கு வீட்டிலேயே ஒத்திகை வைத்தோம். நேற்று மாலை அம்மாவைச் சமையலறையில் இருக்கச் சொல்லிவிட்டு, மாடியில் குடியிருக்கிற தம்பியின் போனிலிருந்து நானே பேசினேன். “வணக்கம்மா, உங்க நம்பர் கட் ஆகப்போகுது.” நான் பேசுவது தெரிந்தும் அம்மாவால் வைக்க முடியவில்லை. “இல்லப்பா, எனக்கு வேண்டாம்ப்பா, வைக்கட்டுமாப்பா?” என்று என்னிடமே அனுமதி கேட்டார். அப்போதுதான் புரிந்தது. மரியாதையாகச் சொல்லிவிட்டு வைப்பதற்கு அவருக்கு ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. வேண்டாம், வைத்துவிடு என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவருக்குக் கை வராது. அம்மாவே ஒரு வாக்கியம் பிடித்தார்: “என் பையன் வந்ததும் பேசிக்கிறேன், வைக்கிறேன்.” இதைச் சொன்ன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தாலும் கேட்கக் கூடாது. இன்று காலை நான்கு முறை பழகினோம். நான்காவது முறை, நான் “அம்மா, கொஞ்சம் இருங்க” என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்.


பெயர்_வேண்டாம் | ஞாயிறு, இரவு 9.15

அம்மாவிடம் பேச எனக்கும் ஆசை. தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். நீங்கள் கூப்பிடும்போது முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தெரியாத நம்பரை நான் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.

கேஷியர் ஐயா, என் பணத்தில் 9,400 ரூபாய் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று காவல் நிலையத்திலிருந்து சொன்னார்கள். முதல் நாளே போயிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த காவலர் “ஏன் 1 அனுப்பினீங்க” என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. “பரிவர்த்தனை எண் இருக்காம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே போயிருப்பேன்.


ஓய்வுபெற்ற_கேஷியர் | ஞாயிறு, இரவு 9.40

நிறுத்தி வைத்ததை விடுவிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் 1930 புகார் எண்ணும் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும் அம்மா.


நங்கநல்லூர்_மகன் | வியாழன், இரவு 9.05

சின்னச் செய்தி ஒன்று. இன்று இஸ்திரி அண்ணன் துணி எடுக்க வந்தபோது வீட்டில் இருந்தேன். நன்றி சொன்னேன். “என் மச்சானுக்கும் இதே மாதிரி வந்து பதினெட்டாயிரம் போச்சு தம்பி, அதான் சத்தத்தக் கேட்டதும் தெரிஞ்சிடுச்சு” என்றார். 1930 என்ற எண் அவருக்கு இதுவரை தெரியாது. பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார். தெருமுனையில் இருக்கிற அவருடைய வண்டியில், கரிப்பெட்டி வைக்கிற பக்கம் வேண்டாம், சூட்டில் சுருங்கிவிடும். துணி வாங்க வருகிறவர்கள் நிற்கிற பக்கத்தில் ஒட்டப்போகிறாராம். கீழே 198ஐயும் போடச் சொல்லியிருக்கிறார். நாளை லேமினேட் செய்து கொடுக்கிறேன்.